‘யாருடன்’ என்றொரு கட்டம்

1

சென்ற மாதம் என் மீது ஒரு விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரிக்கு வயது பத்தொன்பது. பெயர் வர்ஷினி, என் மகள். குற்றம், நான் சாப்பிடுவது.

நான் மஸ்கட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஏ.சி. பராமரிப்பில் ஃபோர்மேன் வேலை. ஊர் ராஜபாளையம். இங்கே யாரும் என்னை முருகேசன் என்று கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் கடைசியில் நிற்பதால் ஆபீசில் நான் மிஸ்டர் கருப்பசாமி. பஞ்சாலை வேலைக்கு ஒருநாள்கூடத் தாமதமாகப் போகாத மனிதர் என் அப்பா. கால் எடுத்து வைத்திராத ஊரில் இருபத்திரண்டு வருடமாகத் தாமதத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

குடும்ப நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நர்ஸ். ஒன்றரை வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, சின்னவனைக் கூட்டிக்கொண்டு போனாள். வர்ஷினிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் அந்த விண்ணப்பத்தின்படி அவள் எங்கள் குழந்தை இல்லை. அதனால் அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், ஹாஸ்டலில். என் ஃபைல் மட்டும் பரிசீலனையில் இருக்கிறது. கணவன் மனைவி சேர்ந்து வாழ்வதற்குச் சமீபத்திய ஆதாரம் கேட்டிருந்தார்கள். முதலில் சேர்ந்து வாழ விடுங்கள், ஆதாரத்தைப் பிறகு அனுப்புகிறேன் என்று பதில் எழுதினேன். முதலில் மனைவிக்குக் காட்டினேன், அனுப்புவதற்குள் அழிக்கச் சொன்னாள்.

ஆக, நாலு பேர், மூன்று நாடு. இதில் எனக்கு ஒரே பெருமை, மகள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் செய்வாள். ஊரில் அப்போது ஏழரை. ஒருநாள் தவறியதில்லை. சைட்டில் மற்ற அப்பன்மார்கள், பிள்ளைகள் போனே எடுப்பதில்லை என்று புலம்பும்போது நான் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்ப்பேன். “மன்னிக்கணும், என் பொண்ணு கூப்பிடுற நேரம்” என்று எழுந்து போவேன். அந்த நடையில் கொஞ்சம் கூடுதலாகவே திமிர் இருக்கும்.

2

இந்த வருடம் அவர்கள் கல்லூரியில் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் வாரம் ஒரு மணி நேரம் புதிதாக ஒரு வகுப்பு. சமையல் சொல்லித்தருவதில்லை. வாயில் போடுவதற்கு முன்னால் அது என்ன என்று தெரிந்துகொண்டு போடச் சொல்லித்தருகிறார்கள். முதல் வாரம் பாக்கெட்டின் முதுகைப் படிப்பது. வகுப்பு முடிந்த அன்றே மாட்டியவன் நான்.

“அப்பா, கையில இருக்கிற பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்புங்க.”

“எதுக்கு?”

“திருப்புங்களேன். முன்னாடி இருக்கிறது வெறும் படம். பின்னாடி பொடி எழுத்துல இருக்கிறதுதான் பிஸ்கட். எது எம்புட்டு எடையோ, கூடுனதுல இருந்து வரிசையாத்தான் எழுதணும். முதல்ல என்ன இருக்கு?”

“கோதுமை மாவு. பாத்தியா?”

“அடுத்தது?”

“பாமாயில்.”

“அதுக்கும் அடுத்தது?”

“தெரியலை. கண்ணாடியக் காணோம்.”

“நெத்தியில இருக்கு.”

மூன்றாவது சர்க்கரை. ஜீரணத்துக்கு நல்லது என்று பெயரிலேயே சொன்ன பிஸ்கட் அது. அதைவிடப் பெரிய அடி கீழே இருந்தது. ஒரு பரிமாறல், அதாவது சர்விங், என்றால் இரண்டு பிஸ்கட். பாக்கெட்டில் ஆறு பரிமாறல். பாக்கெட்டே ஒரு பரிமாறல் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பரிமாறுகிறவனும் நான், சாப்பிடுகிறவனும் நான். யார் எண்ணப் போகிறார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை விடுமுறையில் சமையலறையை முழுச் சோதனை போட்டேன். அரபியில் எழுதியிருந்ததை போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தேன். சூப் தூள், டின் மீன், உடனடி நூடுல்ஸ், நாலு வகை சாஸ். ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு அடைத்தது. இடது கை மரத்தது. பிறகுதான் தெரிந்தது, இடது கையைப் பிரிட்ஜ் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். பாதிச் சாமானைக் கறுப்புப் பையில் கட்டி, கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மேலே வந்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி இறங்கி, எலுமிச்சை ஊறுகாயை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தேன். உப்பு அதிகம்தான். ஆனால் அந்தச் சமையலறையில் எனக்குத் தெரிந்த ஊர்க்காரர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரம் வகுப்பே பால்கோவா கடைக்குப் போனது. “இதுல என்னென்ன இருக்குன்னு எழுதி ஒட்டலையா?” என்று அவர்களுடைய மேம் கேட்டிருக்கிறார். கடைக்காரர் பால் கிண்டும் துடுப்பை நிறுத்தாமல், “பாலு, சீனி. மூணாவதா வெறகுப் புகை இருக்கு. அதை எப்படிம்மா எழுதுறது?” என்றாராம். வர்ஷினி அதை அவர் குரலிலேயே பேசிக்காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவள் சொல்லும் கதைகளில் கடைக்காரர் வருவார், மேம் வருவார், பஸ் கண்டக்டர் வருவார். அவள் வயதுப் பெண் ஒருத்தியின் பெயர்கூட வந்ததில்லை. இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

3

மூன்றாவது வாரம் படிவம் வந்தது. மாணவர்கள் தங்கள் ஏழு நாள் சாப்பாட்டை எழுத வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவரின் ஏழு நாள் சாப்பாட்டையும் வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டு வகுப்பில் பேச வேண்டும். மதிப்பெண் உண்டு. அம்மாவுக்கு ஷிஃப்ட் நேரம் ஒத்துவராததால் பெரியவர் நான்.

நேரம், உணவு, அளவு, இடம் என்று நாலு கட்டம். விசா படிவங்களையே பார்த்தவன் நான். இது எனக்குத் தூசு என்று நினைத்தேன். ஐந்தாவது கட்டத்தில் ‘யாருடன் (பெயர்)’ என்று இருந்தது.

உண்மையைச் சொன்னால் என் சாப்பாடு ஐந்து நிமிட விஷயம். குபூஸ் ரொட்டியைச் சுருட்டி, பருப்புச் சட்டியிலேயே தொட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடி. நின்றால் துடைக்க மேசை இல்லை, தட்டும் கழுவ வேண்டாம். நான் இதைச் சிக்கனமான வேலைமுறை என்று நம்பியிருந்தேன். ஆனால் ‘இடம்: தொட்டி’ என்று மகளுக்கு எப்படி எழுதுவது?

எனவே எழுத்தாளனானேன். திங்கள் காலை இட்லி நாலு, புதினாத் துவையல். மதியம் சோறு, கீரை, மோர். இரவு சப்பாத்தி, காய்கறிக் குருமா. இடம், மேசை. ‘யாருடன்’ கட்டத்தில் சங்கரபாண்டி அண்ணாச்சி.

அண்ணாச்சி பொய்யில்லை. சேத்தூர்க்காரர். மனைவியும் பிள்ளைகளும் போன பிறகு வீட்டைப் பகிர்ந்துகொள்ள வந்தவர். வர்ஷினி அவரை வீடியோவில் பார்த்திருக்கிறாள், பேசியிருக்கிறாள். அவர் வேலையை விட்டு ஊரோடு போய் ஒரு வருடம் ஆகிறது என்பதைத்தான் நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளியதில், அவர் ஒரு வருடமாக என் வீட்டில் குளித்துக்கொண்டோ டூட்டியிலோ இருந்தார். மகள் கேட்கும்போதெல்லாம் நலமாக இருந்தார்.

ஏழு நாளும், மூன்று வேளையும், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டேன். வியாழக்கிழமை அவருக்கு வயிறு சரியில்லை என்று கஞ்சிகூடக் கொடுத்தேன். கதை நம்பும்படி இருக்க வேண்டுமல்லவா?

4

மேம் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, சின்ன ஊர்களின் மளிகைக் கடைகளில் என்னென்ன பாக்கெட் தொங்குகிறது என்று படித்து வர அனுப்பினார். வர்ஷினியின் குழுவுக்குச் சேத்தூர் விழுந்தது.

ஊருக்குப் போன அண்ணாச்சி அங்கே மளிகைக் கடை போட்டிருந்தார்.

பிறகு நடந்ததை எனக்கு முதலில் சொன்னது அண்ணாச்சிதான். சைட்டில் ஏணியின் மேல் நிற்கும்போது அவர் போன் வந்தது.

“ஏலே முருகேசா, நான் எங்கலே இருக்கேன்?”

“என்ன அண்ணாச்சி கேள்வி இது? சேத்தூர்ல.”

“அப்படியா. நான் மஸ்கட்டுலயில்லா இருக்கேனாம். நேத்து ராத்திரி ஒங்கூடச் சப்பாத்தி தின்னேனாம். வியாழக்கிழம எனக்கு வயித்தால போச்சாமே?”

நான் ஏணியில் ஒரு படி இறங்கினேன்.

“ஒம்மக கடையில வந்து நின்னுக்கிட்டு, ‘அண்ணாச்சி, எப்ப ஊருக்கு வந்திய? வயிறு தேவலையா? நேத்து ராத்திரி ஒங்ககூடச் சப்பாத்தி தின்னதா அப்பா சீட்டுல எழுதியிருக்காகளே’ங்குது. ஏம்மா, நான் வந்து வருசம் ஒண்ணு ஆகுதேன்னேன். அந்தப் பிள்ள மொகத்தப் பாக்கணுமே. கூட வந்த பிள்ளைக முன்னாடி, ‘சரி அண்ணாச்சி, தேதி மாறிப்போச்சு’ன்னு சமாளிச்சிட்டுப் போகுது. எதுக்குலே எம்பேர எழுதுன?”

“வேற யார் பேரும் கெடைக்கல அண்ணாச்சி.”

கடையில் யாரோ அரைக் கிலோ உளுந்து கேட்பது கேட்டது.

“செத்த நேரம் இரு” என்று உளுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். “இங்க பாரு. கஞ்சி குடிச்சதா எழுதிட்ட, போவட்டும். அந்தப் பிள்ளகிட்டப் பொய்யச் சரிபண்ணு. பொறவு எங்கிட்டப் பேசு.”

5

அன்று ஆறு மணிக்குப் போன் சரியாக வந்தது. விளக்கம் ஏழு தயாராக வைத்திருந்தேன். ஒன்றையும் அவள் கேட்கவில்லை.

“நான் இந்தச் சீட்டை மேம்கிட்டக் குடுக்க மாட்டேன்பா. வேற எழுதிக் குடுங்க. உள்ளதை எழுதுங்க.”

“மார்க்கு போயிருமேம்மா. இட்லியும் கீரையுமா அழகா இருக்கே.”

“அழகாத்தான் இருக்கு. நீங்க எப்பப்பா கீரை ஆஞ்சீங்க?”

நான் எதிர்த்தாக்குதலில் இறங்கினேன். என் சுபாவம் அது. மாட்டிக்கொண்டால் எதிராளியின் பாக்கெட்டைத் தடவுவேன். “பெரிய நீதிபதி. உன் சீட்டைக் காட்டு பார்ப்போம்” என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

அவள் காட்ட மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் போனைத் தாளின் மேல் திருப்பினாள்.

காலை, டீ, அறையில். மதியம் பல நாள் வெறும் கோடு. இரவு பிஸ்கட், அல்லது பன், அல்லது வாழைப்பழம், இடம், கட்டில். ‘யாருடன்’ கட்டத்தில், ஏழு இரவும், ஒரே மாதிரி எழுத்தில்: அப்பா (போன்).

மேம் அந்தக் கட்டங்களைச் சிவப்பு மையால் வளைத்திருந்தார். பக்கத்தில் ‘எதிரில் இருப்பவர் மட்டுமே’ என்று குறிப்பு.

“ஏழரைக்குத்தான மெஸ்?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“அந்த நேரத்துலதான எனக்குப் போன் பண்ற?”

“ஆமாப்பா.”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். முதல் வருடம், முதல் வாரம், மெஸ்ஸில் பக்கத்துப் பெண்ணிடம், “ஏட்டி, செத்தத் தள்ளி உக்காரு. எனக்கு அம்புட்டுச் சோறு வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறாள். மேசையே சிரித்ததாம். அன்றிலிருந்து அவள் பெயர் அப்பத்தா. தட்டோடு வரும்போதெல்லாம், “அப்பத்தாவுக்கு எடம் விடுங்கடி.” பட்டப்பெயர் எல்லோருக்கும்தான் உண்டு, அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை என்றாள். யாராவது அழைத்தால், “அப்பாகிட்டப் பேசணும்” என்று அறைக்குப் போய்விடுவாள். நாளாக நாளாக அழைப்பதையும் விட்டுவிட்டார்கள்.

மஸ்கட்டில் வளர்ந்த பெண். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் இந்தியும். அவள் அம்மாவுக்கு எப்போதும் ஷிஃப்ட். அவளுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தது நான் ஒருவன்தான். அதாவது ராஜபாளையம் பஞ்சாலை கேட்டுக்கு முன்னால் நின்று நான் பேசக் கற்றுக்கொண்ட தமிழை, அப்படியே அவள் வாயில் ஊட்டியிருக்கிறேன். ஊர் அதற்குள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒன்றரை வருடமாக என்னைத் திமிரோடு நடக்க வைத்த ஆறு மணிப் போன் என்ன என்று அப்போது புரிந்தது. மெஸ்ஸுக்குப் போகாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்துக்குத்தான் நான் பாசம் என்று பேர் வைத்திருந்தேன்.

6

ஒப்பந்தம் போட்டோம். அடுத்த ஏழு நாளுக்கு இருவரும் புதுச் சீட்டு எழுதுவது. உள்ளதை உள்ளபடி. ஆளுக்கு ஒரு வேளையாவது, எதிரே உட்கார்ந்த ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். “நீங்க எழுதுனா நானும் எழுதுவேன்” என்றாள். இன்னொரு நிபந்தனையை நான் போட்டேன். ஆறு மணிக்கு நான் போன் எடுக்க மாட்டேன். ஏழு மணிக்குக் கூப்பிடு.

சொல்லும்போது சுலபமாக இருந்தது. மறுநாள் ஆறு மணிக்குப் போன் அடித்தது. திரையில் அவள் முகம். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது. ஹாஸ்டலில் தீப்பிடித்திருக்குமோ? காய்ச்சலோ? மூன்றாவது முறை அடித்தபோது போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். அரிசிக்குள்ளிருந்தும் அடித்தது. எடுக்கவில்லை. ஏழு மணிக்குக் கூப்பிட்டவள், “நீங்க நெசமாவே எடுக்கல” என்றாள். கோபமா அழுகையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அன்றும் பிஸ்கட்தான் சாப்பிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வரை என் ஐந்தாவது கட்டத்தில் ‘யாருமில்லை’ என்றே எழுதினேன். வரிசையாக எழுதிப் பார்த்தால் அது ஒரு ஆளின் பெயர்போலத் தெரிய ஆரம்பித்தது.

வெள்ளி மதியம் சாம்பார் வைத்தேன். பாத்திரத்தோடு கீழே போய் வாட்ச்மேன் அறைக் கதவைத் தட்டினேன். வங்காளதேசத்துக்காரர். நாலு வருடமாக எனக்குத் தெரிந்தவர். தினமும் “பாய், சலாம்” சொல்வேன். எங்களுக்குள் அரைகுறை இந்திதான் மொழி.

“பைப்பு ஒழுகுதா?” என்றார்.

“இல்லை. சேர்ந்து சாப்பிடலாம்னு வந்தேன்.”

“ஊருல கல்யாணமா?”

“இல்லை.”

முகத்தை மாற்றிக்கொண்டு, “யாரும் தவறிட்டாங்களா?” என்றார்.

“ஒண்ணுமில்லை பாய். சும்மா.”

“சும்மாவா?” என்று சாம்பாரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை விரித்தார். பொரித்த மீன் இரண்டு வைத்திருந்தார். பெரியதை என் பக்கம் தள்ளினார். சாம்பாரைச் சோற்றில் ஊற்றி ஒரு வாய் தின்றுவிட்டு, “புளிப்பு” என்று மட்டும் தீர்ப்புச் சொன்னார். வெளியே கார் ஹாரன் அடிக்க, கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். ஆனால் நான் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தேன்.

மேலே வந்து சீட்டை எடுத்தால், கட்டம் பெயர் கேட்கிறது. எனக்குப் பெயர் தெரியாது. நாலு வருடம் கழித்து ஒரு மனிதரிடம், அதுவும் அவர் மீனைத் தின்ற பிறகு, உன் பேர் என்ன என்று எப்படிக் கேட்பது? ‘பாய்’ என்று எழுதினால் என் விசாரணை அதிகாரி விட மாட்டாள். மறுபடி இறங்கி, “உங்க நம்பரை என் போன்ல நீங்களே போட்டுக் குடுங்க, எனக்குக் கண்ணு தெரியலை” என்றேன். அவர் போட்டுக் கொடுத்தார். ஷஃபிக். பதிலுக்குத் தன் போனைக் காட்டினார். அதில் நான் ஏற்கெனவே இருந்தேன், கருப்பசாமி 304 என்று. அப்பா இங்கேயும் எனக்கு முன்னால் வந்துவிட்டார்.

படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். மீன் ஒன்று, சோறு இரண்டு கரண்டி, சாம்பார், யாருடன்: ஷஃபிக்.

7

ஞாயிற்றுக்கிழமை அவள் சீட்டு வந்தது. ஆறு நாள் பழைய கதை. ஏழாவது இரவு: பரோட்டா மூன்று, சால்னா, ஆம்லெட். இடம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. யாருடன்: முத்துமாரி, தளவாய்புரம்.

அந்தப் பெண் சேத்தூருக்குப் போன நாலு பேரில் ஒருத்தியாம். அண்ணாச்சி கடையில் வர்ஷினி பேசியதைக் கேட்டவள். “அவளும் வீட்ல இப்படித்தான் பேசுவாளாம்பா. மெஸ்ல மட்டும் அடக்கிப் பேசுவாளாம். என்னையப் பாத்து, ‘நீ எப்படிட்டி பயப்படாமப் பேசுற?’ங்கா.”

பாக்கெட் முதுகைப் படிக்கத் தெரிந்தவன் என்ற முறையில் மைதாவைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. வாயைத் திறக்கவில்லை. “சால்னா எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். பத்து நிமிடம் சொன்னாள்.

மேம் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, வகுப்பில் பெயர் சொல்லாமல் பேச அனுமதித்தாராம். நான் ‘ஆண், ஐம்பத்திரண்டு வயது, வெளிநாட்டில் தனியாக’ என்று போனேன். மார்க்கு பரவாயில்லை என்றாள்.

அதற்கடுத்த திங்கள் ஆறு மணிக்கு நான் போனை மேசைமேல் வைத்துக் காத்திருந்தேன், எடுக்காமல் இருப்பதற்காக. அடிக்கவில்லை. ஏழு மணிக்கும் அடிக்கவில்லை. செவ்வாயும் அப்படித்தான். ‘மெஸ்ல இருக்கேன்பா, பொறவு பேசுறேன்’ என்று ஒரு வரி வந்தது, பின்னால் பல பெண்களின் சிரிப்பு கேட்கிற மாதிரி ஒரு வரி. இதைத்தான் நான் கேட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

புதன்கிழமை ஏழரை மணிக்கு மனசு கேட்கவில்லை. கீழே இறங்கிப் போய் ஷஃபிக்கிடம், என் போனில் ஏதோ கோளாறு, ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அவர் கூப்பிட்டார். என் கையில் இருந்த போன் சத்தமாக அடித்தது.

“நல்லாத்தானே அடிக்குது” என்றார்.

ஆமாம், நன்றாகத்தான் அடித்தது.